பி.ரி.கே. புழுமருந்து: மொட்டு விரியும்போது அடியுங்கள்

நாங்கள் இருப்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தில், றிமூஸ்கி நகருக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் ஏழு பால்சம் ஃபர் மரங்கள். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குள் வைப்பார்களே, அதே மரம். இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் கடைசியில் ஏழும் நெருப்புப் பட்டதுபோல் செம்மண் நிறமாகின. ஸ்புரூஸ் மொட்டுப்புழுவின் வேலை. பெயரில்தான் ஸ்புரூஸ் என்ற வேறு மரம், அதிகம் சாவது ஃபர். 2006இல் இந்தப் புழு செயின்ற் லோறன்ஸ் ஆற்றின் வடகரையில் பெருகத் தொடங்கி எங்கள் பக்கமும் வந்துவிட்டது.

உடனே பி.ரி.கே. (Btk) என்ற புழுமருந்துப் போத்தல் ஒன்று வாங்கி அடித்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. மருந்தில் பிழை இல்லை, காலம் பிந்திவிட்டது. பி.ரி.கே. என்பது மண்ணில் வாழும் ஒரு பக்டீரியா. மேலே பட்டால் புழு சாகாது, தின்ன வேண்டும். குடலுக்குள் போன பிறகுதான் அதன் புரதம் குடற்சுவரைக் குலைக்கும். நான் அடித்த நேரம் புழுக்கள் தின்று முடித்து, நூலால் கட்டிய காய்ந்த ஊசியிலைகளுக்குள் கூட்டுப்புழு ஆகிக்கொண்டிருந்தன.

போன வருடம் மே கடைசியிலிருந்து தினமும் மொட்டைப் பார்த்தேன். ஜூன் தொடக்கத்தில் மொட்டின் மண்ணிறத் தொப்பி கழன்று தளிர் நீளத் தொடங்கியது. தொப்பியை நகத்தால் தள்ளினால் உள்ளே கருந்தலையோடு ஒரு புழு, அரிசி நீளம்தான். வெயிலில் மருந்தின் வீரியம் சில நாளில் போய்விடும், மழை கழுவிவிடும். அதனால் மழையில்லாத ஒரு பின்னேரம் பார்த்து அடித்தேன். மூன்றாம் நாள் தளிரை விரித்தேன்: புழு சுருங்கிக் கறுத்துக் கிடந்தது. கிழமை கழித்து இன்னொரு தடவை. ஜூலையிலும் தளிர்கள் பச்சையாகவே நின்றன. பழைய நுனிகள் மொட்டைதான், ஆனால் வருடக்கணக்காகத் தொடர்ந்து மொட்டையடிக்கப்பட்டால்தான் மரம் சாகும்.

குறை என்றால், கைப்பம்பு உச்சிக்கு எட்டாது. புழு கூடுதலாக இருப்பதோ அங்கேதான். மற்ற அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களையும் இந்த மருந்து கொல்லும், மொனார்க் வண்ணத்துப்பூச்சி வரும் மில்க்வீட் செடிப் பக்கம் அடிக்காதீர்கள். தேனீக்குப் பயமில்லை.

பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் 1952இலிருந்து இதே புழுவுக்கு விமானத்தில் டி.டி.ரி. என்ற பூச்சிநஞ்சைக் கொட்டினார்கள், மிராமிச்சி ஆற்றில் சால்மன் குஞ்சுகள் செத்தன. அதை அறிந்த பிறகு, பிள்ளைகள் விளையாடும் வளவில் வேறு எதையும் அடிக்க எனக்கு மனம் வராது.

அரைப் போத்தல் மிச்சம். உறையவிடக்கூடாது என்பதால் நிலவறையில் வைத்திருக்கிறேன்.