1967–68 கமாரோவுக்கு எந்த ஒயரிங் ஹார்னஸ்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

செவர்லே கமாரோவின் முதல் தலைமுறை 1967 முதல் 1969 வரை மூன்று மாடல் ஆண்டுகளே நீடித்தது. அந்தக் கார்களில் ஒன்றை வாங்கி முழுதாகப் பிரித்துக் கட்ட முனைபவர், துரு நீக்கும் செலவையும் எஞ்சின் செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பார். ஒயரிங்குக்கு வரும்போது மட்டும் கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏற்ற கிட்டைத் தேடத் தொடங்குவார். இந்த வரிசை தவறானது. அரை நூற்றாண்டைத் தாண்டிய பி.வி.சி. உறை எஞ்சின் சூட்டில் இறுகிப்போய், விரலால் வளைத்தாலே விரிசல் விடும் நிலையில் இருக்கிறது. இடைக்காலத்தில் ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் கூடுதல் மீட்டர்களுக்குமாக வெவ்வேறு கைகள் போட்ட ஒட்டுகள் டேஷ்போர்டின் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டுகளின் மேல் இன்னோர் ஒட்டுப் போடுவதை விட முழு ஹார்னஸையும் (காரின் ஒயர்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பை) மாற்றிவிடுவதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. எதைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் யோசனை வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சந்தையில் இந்தக் காருக்கு மூன்று வகைக் கிட்டுகள் கிடைக்கின்றன. முதலாவது, தொழிற்சாலையில் பொருத்தியதை அச்சு அசலாகத் திரும்பச் செய்த ஹார்னஸ். நியூ ஜெர்சியின் அமெரிக்கன் ஆட்டோவயர் 'ஃபேக்டரி ஃபிட்' என்ற பெயரில் தருவதும், கலிஃபோர்னியாவின் எம் அண்டு ஹெச் நிறுவனம் தருவதும் இந்த வகை. இரண்டாவது, எந்தக் காருக்கும் பொருத்திக்கொள்ளக்கூடிய பொதுக் கிட். டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் இயங்கும் பெயின்லெஸ் பெர்ஃபார்மன்ஸின் 21 சர்க்யூட் கிட்டும், அமெரிக்கன் ஆட்டோவயரின் 'ஹைவே 22' கிட்டும் இதில் அடங்கும். மூன்றாவது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது: குறிப்பிட்ட காருக்கென்றே அளவெடுத்து, ஆனால் ஃபியூஸ் பெட்டியையும் ஒயரையும் இன்றைய தரத்துக்கு உயர்த்திய கிட். அமெரிக்கன் ஆட்டோவயர் இதைக் 'கிளாசிக் அப்டேட்' என்று விற்கிறது. பெயின்லெஸ் நிறுவனமும் கமாரோவுக்கென்று தனிக் கிட் வைத்திருக்கிறது.

இந்த மூன்றையும் விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடக் கூடாது. கட்டி முடித்த பிறகு அந்தக் கார் எவ்வளவு மின்சாரம் இழுக்கப்போகிறது என்பதை வைத்தே ஒப்பிட வேண்டும். 1967இல் கமாரோவின் எஞ்சின் ஓட்டத்தில் மின்சாரம் உண்டாக்கும் அடிப்படை ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர் திறன் கொண்டது. விளக்குகள், வைப்பர், ஹீட்டர் விசிறி, ஏ.எம். ரேடியோ, இக்னிஷன் ஆகியவற்றுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒயரின் பருமனும், கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள் நிற்கும் அந்தச் சிறிய ஃபியூஸ் பெட்டியும் அந்தக் கணக்குக்கே அமைந்தவை. இன்று ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தால் அது ஒன்றே ஓடும்போது 30 ஆம்பியர் வரை கேட்கக்கூடும், தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு கேட்கும். எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கான பம்ப், ஏசி, பவர் விண்டோ, ஆம்ப்ளிஃபயர் என்று சேர்த்துக்கொண்டே போனால், பழைய கணக்கு எங்கேயோ நின்றுவிடும்.

கார் பழைய எஞ்சினோடும் பழைய மீட்டர்களோடும் இருக்கப்போகிறது என்றால் அசல் வகை ஹார்னஸை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு முனையிலும் அந்தக் கால பேக்கார்டு கனெக்டர் ஏற்கெனவே பொருத்தப்பட்டு வருவதால், வெட்டவோ, ஒயர் முனையில் உலோக டெர்மினலை இறுக்கிக் கிரிம்ப் செய்யவோ வேண்டியதில்லை. உரிய இடத்தில் செருகினால் போதும். நிறங்களும் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். பயன்படுத்திய அதே நிறங்கள்: எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயர் ஆரஞ்சு, சாவி திருப்பினால் வருவது இளஞ்சிவப்பு, டெயில் லைட்டுக்குப் பழுப்பு, ஹை பீமுக்கு இளம்பச்சை, லோ பீமுக்கு மங்கிய மஞ்சள்பழுப்பு, ஸ்டார்ட்டருக்கு ஊதா. தொழிற்சாலை ஒயரிங் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் பழுது பார்த்துவிட முடியும். கார் கைமாறிய பிறகு வரும் உரிமையாளருக்கும் இது பெரிய உதவி. பசையில்லாத நாடாவைச் சுற்றிய விதம்கூட அசலைப் போலவே இருப்பதால், அசல்தன்மைக்கு மதிப்பெண் போடும் போட்டிகளில் நடுவர்களுக்கும் குறை சொல்ல இடமிருக்காது. டேஷ், எஞ்சின், முன் விளக்கு, பின்பகுதி, கன்சோல் என்று துண்டு துண்டாக வாங்கும்போது மொத்தத் தொகை ஏறிவிடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வகையில் ஒரு நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்து மூடும் தொடுமுனைகளால் தீப்பொறியை உண்டாக்கும் பாயின்ட் இக்னிஷன் கொண்ட அந்தக் கால ஜி.எம். கார்களில், எஞ்சின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலின் கனெக்டரிலிருந்து, தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் ஒயர் சாதாரணச் செப்பு ஒயர் அன்று. வேண்டுமென்றே மின்தடை வைத்துச் செய்யப்பட்டது. எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு முழு பேட்டரி மின்னழுத்தம் போகாமல் குறைத்து, பாயின்ட்டுகள் கருகாமல் காப்பதுதான் அதன் வேலை. ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு மட்டும் ஸ்டார்ட்டர் சோலினாய்டின் 'ஆர்' முனையிலிருந்து வேறொரு ஒயர் வழியாக முழு மின்னழுத்தம் வந்துசேரும். பின்னாளில் 1970களின் நடுவில் ஜி.எம். கொண்டுவந்த, பாயின்ட் இல்லாத மின்னணு இக்னிஷனான ஹெச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரை இந்தக் காரில் மாட்டுபவர்கள் ஏராளம். அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் வேண்டும். அச்சு அசலான ஹார்னஸை வாங்கி ஹெச்.இ.ஐ.யை அதில் இணைத்தால், கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐட்லிங்கிலும் குறை தெரியாது. வேகம் ஏறும்போதுதான் தீப்பொறி பலவீனமாகி எஞ்சின் தடுமாறும். கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கழற்றுபவர்கள், தடை ஒயர் இன்னும் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே அசல் வகையை வாங்கும்போதே, எந்த இக்னிஷன், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளே உள்ள ஆல்டர்னேட்டரா வெளியே உள்ளதா என்பதைச் சொல்லி, அதற்குரிய எஞ்சின் பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொதுக் கிட் முற்றிலும் வேறு உலகம். பிளேடு ஃபியூஸ் பெட்டியும், அதிலிருந்து புறப்பட்டு மீட்டர் கணக்கில் நீளும் ஒயர்களும் வரும். ஒவ்வோர் ஒயரின் மேலும் சில அங்குலத்துக்கு ஒருமுறை அது எங்கே போக வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். இந்த அச்சு உண்மையிலேயே மதிப்புள்ள வசதி. தலைகீழாகப் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்பவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மறுமுனையில் கனெக்டர் எதுவும் பொருத்தப்பட்டிருக்காது. எங்கே வெட்டுவது, எந்த டெர்மினலைப் போடுவது, ஃபயர்வாலில் எங்கே துளையிட்டு வழி விடுவது, ஃபியூஸ் பெட்டியை எதன்மேல் நிறுத்துவது என்ற எல்லா முடிவுகளும் கட்டுபவருடையவை. இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் ஒரே இழையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தக் கால அமெரிக்க முறையில், பிரேக் சிக்னல் ஸ்டியரிங் கம்பத்திலுள்ள இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகவே பின்னால் போகிறது என்பதால், கம்பத்தின் கனெக்டர் பொருந்தவில்லையென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்கும். டேஷ்போர்டு, கம்பம், எஞ்சின், மீட்டர்கள் எல்லாமே மாறிவிட்ட காருக்குப் பொதுக் கிட் நியாயமான தேர்வு. அங்கே அசல் கனெக்டர்களுக்கு வேலையே இல்லை. அசல் டேஷும் ஸ்விட்சுகளும் அப்படியே இருக்கும் கமாரோவில், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சப்படுத்திய பணம் கனெக்டர்களைத் தேடி வாங்குவதிலும் கூடுதல் வேலை நேரத்திலும் கரைந்துவிடும்.

பெரும்பாலான 1967–68 கமாரோக்களுக்கு மூன்றாவது வகையே ஏற்றது என்பது என் முடிவு. ஃபியூஸ் பெட்டி ஃபயர்வாலில் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே அமரும். அசல் ஹெட்லைட் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச், விளக்குகள் ஆகியவற்றுக்குரிய கனெக்டர்கள் கிட்டிலேயே இருக்கும். மின்விசிறிக்கும் எரிபொருள் பம்புக்கும் ஏசிக்கும் தனித்தனிச் சர்க்யூட்டுகள் கிடைக்கும். ஜி.எம். நிறங்களும் பெரும்பாலும் காக்கப்படுவதால் பழைய வரைபடம் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. குறை என்று சொன்னால், பல முனைகள் நீளமாக, டெர்மினல் இல்லாமல் வரும். செருகினால் முடிந்தது என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்துபோவார். திறந்த வாய் டெர்மினல்களுக்குரிய கிரிம்ப் கருவி கட்டாயம் வேண்டும்: அதன் தாடை, டெர்மினலின் இரண்டு இதழ்களையும் உள்நோக்கிச் சுருட்டிச் செப்பு இழைகளுக்குள் இறக்க வேண்டும், பின்னாலுள்ள இன்னொரு ஜோடி இதழ்கள் உறையைத் தனியாகப் பிடிக்க வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்கிய இணைப்பு அன்றைக்கு வேலை செய்யும். அதிர்விலும் சூட்டிலும் தளர்ந்து, பின்னாளில் அந்த முனையே சூடாகிக் கனெக்டரை உருக்கும்.

ஒயரின் தரத்தைப் பொறுத்தவரை, மலிவான கிட்டுகளில் காணப்படும் ஜிபிடி வகை பி.வி.சி. உறை சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைக்கே ஏற்றது. டிஎக்ஸ்எல், ஜிஎக்ஸ்எல் என்று குறிக்கப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் உறை 125 டிகிரி வரை தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அருகே ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை நினைத்துப் பார்த்தால் இந்த 45 டிகிரி வேறுபாட்டின் பொருள் புரியும். கிட்டின் விவரத்தில் உறை வகை எழுதப்படவில்லையென்றால் அந்தக் கிட்டைத் தவிர்த்துவிடலாம்.

ஒயரின் பருமனையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் காரில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முன்னாலிருந்து டேஷில் உள்ள ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து இடது காலருகே தரையில் இருக்கும் டிம்மர் ஸ்விட்சுக்கு இறங்கி, மறுபடியும் முன்னால் போகிறது. இந்தப் பாதை 5 மீட்டர் என்றும் ஒயர் 16 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இழுக்கும் ஏறத்தாழ 9 ஆம்பியரில் 0.6 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறைவதால், 13.5 வோல்ட்டில் இந்த 0.6 வோல்ட் இழப்பு ஒளியில் ஏறத்தாழ 14 சதவீதத்தைப் பறித்துவிடுகிறது. ஸ்விட்சுகளின் தேய்ந்த முனைகளில் போவது இதற்கு மேல். முன்பக்கத்தில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து 2 மீட்டர் 12 கேஜ் ஒயரில் நேராக மின்சாரம் கொடுத்தால் ஒயரில் இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மூன்று வகைக் கிட்டில் எதை வாங்கினாலும் ஹெட்லைட் ரிலேயை உடன் சேர்த்துக்கொள்வது நல்லது. அசல் வகையில் இதன் தேவை இன்னும் அதிகம்.

ஆல்டர்னேட்டரை 100 ஆம்பியருக்கு மேல் உயர்த்துபவர்கள் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரை மறந்துவிடக் கூடாது. அசல் 10 அல்லது 12 கேஜ் ஒயர் அதற்குப் போதாது. தடித்த ஒயரும், பேட்டரிக்கு அருகில் அதற்கேற்ற பெரிய ஃபியூஸும் தேவை. அசல் வகையைப் பழைய ஆல்டர்னேட்டரோடு வைத்திருப்பவருக்கு ஃபியூஸிபிள் லிங்க் என்ற சிறு துண்டு ஒயரே பாதுகாப்பு. அது காக்கும் ஒயரைவிட நான்கு கேஜ் மெல்லியதாக இருக்க வேண்டும், அதாவது 10 கேஜ் ஒயருக்கு 14 கேஜ் லிங்க். அது எரிந்து போனால் அந்த இடத்தில் சாதாரண ஒயரைப் போட்டுவிடுவது முழுக் காரையும் பணயம் வைப்பதாகும். இன்னொன்று: கன்சோல் மீட்டர்கள் கொண்ட காரில் உள்ள ஆம்மீட்டர், பிரதான ஒயரில் ஏற்படும் சிறு மின்னழுத்த வேறுபாட்டை அளந்து முள்ளை நகர்த்துவது. பிரதான ஒயரைத் தடிமனாக்கினாலோ பாதையை மாற்றினாலோ அந்த முள் காட்டுவதற்குப் பொருளிருக்காது, வோல்ட்மீட்டருக்கு மாறிவிடலாம்.

எர்த்தைப் பற்றிக் கிட்டுகளின் விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த பாடியில் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த் இணைத்தால், எவ்வளவு விலை கொடுத்த ஹார்னஸும் மினுக்கும் விளக்குகளையே தரும். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கும், பேட்டரியிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் பட்டைகள் கிட்டில் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆர்டர் செய்யும்போது மாடல் ஆண்டைச் சரியாகச் சொல்வது அவசியம். 1967, 1968 கார்களில் இக்னிஷன் சாவி டேஷ்போர்டில் இருந்தது. 1969இல் அது பூட்டும் ஸ்டியரிங் கம்பத்துக்குப் போய்விட்டது. அதனால் 1969 கிட் இவற்றுக்குப் பொருந்தாது. விளக்கை மூடும் கதவுகள் கொண்ட ஆர்எஸ் மாடலில் வேறுபாடு இன்னும் நுட்பமானது: 1967இல் அந்தக் கதவுகளை மின் மோட்டார்கள் இயக்கின, 1968 முதல் வெற்றிடக் குழாய்கள் இயக்கின. 1967 ஆர்எஸ் வைத்திருப்பவர் அந்த மோட்டார்களுக்கும் ரிலேக்களுக்கும் உரிய ஒயர்கள் கிட்டில் அடங்குமா, தனியே வாங்க வேண்டுமா என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜி.எம்.மின் பிற்காலத்திய, கம்ப்யூட்டரால் இயங்கும் எல்எஸ் எஞ்சின் மாட்டப்போகிறவர்கள், இங்கே பேசிய எந்தக் கிட்டிலும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கான ஹார்னஸ் கிடையாது என்பதை அறிந்து, அதற்குத் தனிச் செலவு ஒதுக்க வேண்டும். அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் ஒயர். பழைய டேஷில் உள்ள சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் இழையே அந்த ஒயருக்கு மின்தடையாகவும் நிற்கும். அந்த விளக்கை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பவர்கள், ஆல்டர்னேட்டரின் வகைக்கு ஏற்ற ரெசிஸ்டரை அதே ஒயரில் சேர்க்க வேண்டும். நேராக 12 வோல்ட் கொடுத்தால் சில வகை ஆல்டர்னேட்டர்களின் ரெகுலேட்டர் பழுதாகிவிடும். நடு வகைக் கிட்டை வாங்குபவர் அந்தத் தூண்டு ஒயரையும் இக்னிஷன் ஒயரையும் கம்ப்யூட்டர் ஹார்னஸோடு எங்கே சேர்ப்பது என்பதை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே முதல் ஒயரை வெட்ட வேண்டும்.