நீளக் கட்டு வீட்டுக்கு எந்த வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவையாறு பக்கத்துப் பழைய தெருக்களில் வீட்டின் அகலம் இருபது அடிக்குள் இருக்கும். நீளமோ திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று கொல்லையில் போய் முடியும். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் பெரும்பாலும் ரேழிச் சுவரிலேயே வைஃபை கொடுக்கும் ரூட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். கூடத்தில் எல்லாம் நன்றாக ஓடும். இரண்டாங்கட்டில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசினால் குரல் விட்டு விட்டு வரும்.

குறை திட்டத்தின் வேகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஒன்றரை அடி கனச் செங்கல் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபையின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், வேகம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறிவிட்டால் ஈரமும் சேர்ந்து அலையைக் குடிக்கும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவது இதற்கு மருந்தே அல்ல.

எதையும் வாங்குவதற்கு முன் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். ரேழியில் இருப்பதைக் கூடத்துத் தூணுக்குக் கொண்டுவந்து, முற்றத்தைப் பார்த்தபடி, சாரல் படாத இடத்தில், ஆளுயரத்தில் மாட்டினால் அலைக்குச் சுவரில்லாத வழி கிடைக்கும். முற்றம் உள்ள வீட்டுக்கு அந்தத் திறந்தவெளி பெரிய வரம். டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ வைக்க வேண்டாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 2.4-க்கான சேனலை, அதாவது அலை ஓடும் தடத்தை, 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாகவும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆகவும் வையுங்கள். ஒட்டுச்சுவர் வீடுகள் உள்ள தெருவில் 40 வைத்தால் பக்கத்து வீட்டோடு மோதல்தான். இதிலேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். தீராதவர்களுக்கு மூன்று வழிகள்.

வரும் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர்தான் விலையில் மலிவு. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிடப் பெரிய தவறு வைக்கும் இடம். சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய்ச் செருகினால், அதற்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து, சிக்னல் வலிமை மைனஸ் 65 டிபிஎம் அளவுக்குக் காட்டும் இடத்தில் வையுங்கள். மைனஸ் 75-க்குக் கீழே போனால் பயனில்லை. பாதுகாப்பிலும் இது கடைசிதான். மலிவான பலவற்றில் வைஃபை பூட்டின் பழைய முறையான டபிள்யூபிஏ2 மட்டுமே உண்டு, ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வருவதே அபூர்வம், பெட்டியின் அமைப்பைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டு வாங்கிய நாள் போலவே கிடக்கும். ஒரே ஒரு அறையில் வாட்ஸ்அப் வந்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும் சரி.

இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட் ரிப்பீட்டரைவிடப் பல மடங்கு விலை. பெயரும் பாஸ்வேர்டும் வீடு முழுக்க ஒன்று, நல்ல தயாரிப்புகளில் புதுப்பிப்பு தானாக வரும், புதிய பூட்டு முறையான டபிள்யூபிஏ3 இருக்கும். ஆனால் இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்வது அதே சுவர் வழியாகத்தான் என்பதை விளம்பரம் சொல்லாது. கூடத்தில் ஒன்று, முற்றத்துக்கு எதிரே இரண்டாங்கட்டு வாசலில் ஒன்று என்று ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் அருமையாக ஓடும். நடுவில் இரண்டு சுவர் வந்தால் விலை உயர்ந்த ரிப்பீட்டர்தான். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது ரூட்டர் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் கொடுக்கும்படி, போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு ரூட்டர் வேலை செய்து, சிசிடிவியை வெளியிலிருந்து பார்ப்பது போன்றவை தடுமாறும். சுவரில் ஆணி அடிக்க முடியாத வாடகை வீட்டுக்கு மெஷ்ஷே நல்லது.

சொந்த வீடு என்றால் எங்கள் தேர்வு கேபிள்தான். கூடத்திலிருந்து இரண்டாங்கட்டுக்கு கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் ஒன்று, அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் குறையாமல் போகும். இந்த வீடுகளுக்கு 30, 40 மீட்டரே ஏராளம். மழைக்கும் சுவருக்கும் அது அசைந்து கொடுக்காது.

கடையில் கேட்கும்போது முழுச் செம்புக் கேபிள் என்று அழுத்திக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் கேட்6 என்ற பெயரிலேயே விற்கிறது. கம்பியின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தாழ்வார உத்தரத்தை ஒட்டி முக்கால் அங்குல பிவிசி குழாய்க்குள் விடுங்கள், எலியும் அணிலும் சும்மா விடாது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள்.

முனையில் ஆர்ஜே45 பிளக் போடும்போது, இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. கிளிப் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. 100-க்கு மேற்பட்ட திட்டத்திலும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் நின்றால் பெரும்பாலும் நீலமோ பழுப்போ சரியாகப் பதியவில்லை என்று பொருள். நான்கு கம்பிகளே 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் போதும் என்பதால், பழுது இருந்தும் ஓடுவது போலவே தெரியும்.

பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். முதலில் அதன் முகவரியை 192.168.1.250 போல, மெயின் பெட்டி போன், டிவிகளுக்கு ஒதுக்கும் முகவரி எல்லைக்கு வெளியே மாற்றுங்கள். அடுத்து, அந்த முகவரிகளை ஒதுக்கும் வசதியான டிஎச்சிபியைப் பழைய ரூட்டரில் அணையுங்கள். பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும், அதுவும் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் துளையில், வெளி இணைப்புக்கான வேன் துளையில் அல்ல. டிஎச்சிபியை அணைக்க மறந்தால் சில போன்களில் வைஃபை முழுக்கோடு காட்டும், இணையம் வராது. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக, சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. பழைய ரூட்டருக்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டதென்றால் அதை விட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கொல்லையைத் தாண்டி மாட்டுக்கொட்டகைக்கோ மோட்டார் அறைக்கோ கேபிள் போகிறதென்றால் செம்பு வேண்டாம். அருகில் இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியே மின்னோட்டம் ஏறி இரு முனைப் பெட்டிகளையும் எரித்துவிடும். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரும், அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் முனைக்கு ஒன்றாக இரண்டும் போடுங்கள்.

எந்த வழி எடுத்தாலும் கரண்ட் போனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பேக்கப் தேவை. மினி யுபிஎஸ் வாங்கும் முன் அடாப்டரில் அச்சடித்த வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 கொடுத்தால் போய்விடும்.

இனி பூட்டு. ஒரு பெட்டி கூடினால் ஒரு வாசல் கூடியதாகக் கணக்கு. எல்லாவற்றிலும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள், பாஸ்வேர்டு தட்டாமலே சாதனத்தைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணையுங்கள். அதன் எட்டு இலக்க பின் நம்பரை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்த விஷயம்.

நம் பக்கத்தில் வைஃபை பாஸ்வேர்டு பாதி வீடுகளில் வீட்டுக்காரரின் போன் நம்பர்தான். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று: மொத்தம் 400 கோடி. டபிள்யூபிஏ2-இல் போனும் பெட்டியும் இணையும் நேரத்தில் பரிமாறுவதைத் தெருவில் நின்றே பதிவு செய்துகொண்டு, ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டில் அத்தனை எண்களையும் ஓடவிட்டால் சில மணி நேர வேலை. தொடர்பே இல்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் ஓர் எண்ணும் போடுங்கள். 63 எழுத்து வரை இடமிருக்கிறது. பாட்டு வரி, குலதெய்வம், பேரன் பெயர் வேண்டாம்.

டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டிவியும் கேமராவும் சேராது. டபிள்யூபிஏ2/3 கலந்த முறை போடுங்கள். அதிலும் முரண்டு பிடிக்கும் சாதனங்களை, விருந்தாளிகளுக்கெனப் பிரித்து வைக்கும் தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில், டபிள்யூபிஏ2 வைத்துத் தள்ளுங்கள். ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிய பழைய ரூட்டரின் கெஸ்ட் மட்டும் பெரும்பாலும் பேருக்குத்தான். அதில் சேர்ந்தவர் வீட்டுக் கணினி வரை போக முடியும். சோதிப்பது எளிது: கெஸ்ட்டில் சேர்ந்த போனில் மெயின் பெட்டியின் முகவரியைத் தட்டுங்கள். லாகின் பக்கம் திறந்தால் அந்த கெஸ்ட்டை அணைத்துவிட்டு, மெயின் பெட்டியின் கெஸ்ட்டை மட்டும் விருந்தாளிகளுக்குக் கொடுங்கள்.