குக்கி-பார்சர்: பாதி வேலைதான் செய்யும், ஆனால் அதை ஒழுங்காகச் செய்யும்

ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில், எக்ஸ்பிரஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கை வைத்து எழுதுகிறவர்கள் முதல் நாளே, எதற்கென்று யோசிக்காமல் இன்ஸ்டால் செய்துவிடும் பேக்கேஜ்களில் குக்கி-பார்சரும் ஒன்று. நானும் அப்படித்தான். யாரோ எழுதிய சர்வர் ஃபைலிலிருந்து அந்த ஒரு வரியைக் காப்பி அடித்துப் போட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் பல ப்ராஜெக்ட்டுகளை ஓட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் வேறு வழியில்லாமல் அதன் கோடைத் திறந்தால், ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தது.

முதலில் பலருக்கும் இருக்கும் ஒரு குழப்பம். இது குக்கியை (ஒரு தளம் நம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்னத் தகவலை) வைக்காது, படிக்க மட்டும்தான் செய்யும். பிரவுசர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடும் அனுப்புகிற குக்கி ஹெடர், அரைப்புள்ளி போட்டுக் கோத்த ஒரே நீள வரிதான். அதைப் பிரித்து ரெக்.குக்கீஸ் என்று ஒரு ஆப்ஜெக்ட்டாக நம் கையில் கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது. பிரவுசருக்குக் குக்கியை அனுப்பும் ரெஸ்.குக்கி எக்ஸ்பிரஸ்ஸிலேயே இருக்கிறது. 2014-இல் எக்ஸ்பிரஸ் 4 வந்தபோது அதுவரை கூடவே வந்துகொண்டிருந்த மிடில்வேர்களை (ரிக்வெஸ்ட் வந்ததும் நடுவில் ஓடும் சின்னச் சின்னக் கோடுகளை) கழற்றித் தனித்தனி பேக்கேஜ்களாக விட்டார்கள், அப்படித் தனிக்குடித்தனம் போனதுதான் இதுவும். அதனால்தான் வைப்பது ஓரிடம், படிப்பது ஓரிடம். எந்த முகவரிக்கு எந்தக் கோடு ஓடும் என்று சொல்லும் ரவுட்டுகளுக்கு மேலே இந்த வரியைப் போட மறந்தால் ரெக்.குக்கீஸ் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லாதது, ஆகிவிடும். குக்கி பிரவுசரில் கண்ணுக்குத் தெரியும், சர்வரில் மட்டும் கிடைக்காது. புதிதாக வருகிறவர்கள் பாதி நாளை இதில்தான் தொலைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் கையெழுத்துப் போட்ட குக்கி. சர்வருக்கு மட்டும் தெரிந்த ஒரு சீக்ரெட்டைக் கொடுத்துவிட்டு, குக்கி வைக்கும்போது சைன்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், மதிப்புக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும், பின்னால் ஒரு புள்ளியும், அதற்கப்புறம் ஷா-256 என்ற கணக்கு முறையை வைத்துக் கணக்கிட்ட கையெழுத்தும் ஒட்டிக்கொள்ளும். பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து மதிப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ரீலோட் செய்து பாருங்கள்: கையெழுத்துப் போட்ட குக்கிகள் வந்து சேரும் ரெக்.சைன்ட்குக்கீஸில் அதன் இடத்தில் ஃபால்ஸ் வந்து நிற்கும். குக்கியே இல்லை என்றால் அன்டிஃபைன்ட், யாரோ கை வைத்திருந்தால் ஃபால்ஸ். சின்ன விஷயம்தான், ஆனால் லாகில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. சீக்ரெட்டை ஒரு அரேயாகவும் (பட்டியலாகவும்) கொடுக்கலாம். முதலாவதை வைத்துக் கையெழுத்துப் போடும், சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் முயன்று பார்க்கும். அதனால் பழைய சீக்ரெட்டை மாற்றும்போது எல்லோரையும் ஒரே அடியாக லாகவுட் செய்யவேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், கையெழுத்து வேறு, பூட்டு வேறு. மதிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றினால்தான் மாட்டுவார்கள். அதற்குள் ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

பிடிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். குக்கியின் மதிப்பு 'ஜே' எழுத்து, முக்காற்புள்ளி என்று தொடங்கினால், இது கேட்காமலேயே மீதியை ஜேசனாக (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவமாக) எடுத்து ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தருகிறது. நாமே ஆப்ஜெக்ட் வைத்தால் வசதிதான். ஆனால் அந்த முன்னொட்டைப் போட்டு அனுப்ப எந்த யூசராலும் முடியும், இல்லையா? ஸ்ட்ரிங்தான் வரும் என்று நம்பி ரெக்.குக்கீஸில் இருப்பதை அப்படியே மோங்கோ டேட்டாபேஸ் தேடலுக்குள் போட்டால், 'இதற்குச் சமமில்லாத எதுவும்' என்று அர்த்தம் வரும் ஆப்ஜெக்ட்டை அனுப்பி ஒருவர் உள்ளே வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. டைப்பைச் சோதிக்காமல் எதையும் எடுக்காதீர்கள். இதை அணைக்க ஒரு சுவிட்ச் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

அடுத்தது நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம். முன்பு எக்ஸ்பிரஸ் இல்லாமல், குக்கி என்றே பெயர் கொண்ட சின்ன பேக்கேஜை நேரடியாக வைத்து எழுதியிருந்தேன். அதில் குக்கி எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்லும் மேக்ஸ்ஏஜ் விநாடிக் கணக்கு. ஏழு நாள் என்றால் 604800. எக்ஸ்பிரஸ்ஸுக்கு மாறும்போது அந்த எண்ணை அப்படியே ரெஸ்.குக்கிக்குள் ஒட்டிவிட்டேன், அங்கே மில்லிவிநாடிக் கணக்கு என்று தெரியாமல். டெஸ்ட் எல்லாம் பாஸ். என் லாகினும் வேலை செய்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து, நடுவில் எங்களை வெளியே தள்ளிவிடுகிறது என்றார்கள், நான் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், ப்ராக்ஸியைத் திட்டினேன், நேரமண்டலக் கோளாறாக இருக்குமோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் நெட்வொர்க் டேபில் செட்-குக்கி ஹெடரைப் பார்த்தால் மேக்ஸ்-ஏஜ் 604 என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பத்து நிமிஷம், நாலு விநாடி. எக்ஸ்பிரஸ் ஆயிரத்தால் வகுத்து முழு எண்ணாக்கி அனுப்பியிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் ஒரே பெயருள்ள ஆப்ஷனுக்கு இரண்டு இடத்தில் இரண்டு அலகு என்பது கொஞ்சம் அநியாயம்தான். இப்போதெல்லாம் ஏழு பெருக்கல் இருபத்துநாலு பெருக்கல் என்று விரித்தே எழுதுகிறேன், படிக்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

அழிப்பதிலும் இதே மாதிரி ஒரு வம்பு உண்டு. ரெஸ்.க்ளியர்குக்கி எதையும் நிஜமாக அழிப்பதில்லை, காலாவதியான தேதியோடு அதே பெயரில் இன்னொரு குக்கியை அனுப்புகிறது, அவ்வளவே. வைத்தபோது கொடுத்த பாத்தும் டொமைனும் அப்படியே ஒத்துப்போனால்தான் பிரவுசர் பழையதைத் தூக்கும். இல்லையென்றால் லாகவுட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஆள் உள்ளேயே இருப்பார்.

மற்றபடி, குக்கியில் வரும் பெரும்பாலான சிக்கல்கள் இந்த பேக்கேஜின் கைக்குள்ளேயே இல்லை, பிரவுசரிடம் இருக்கின்றன. ஹெச்டிடிபி-ஒன்லி போட்டால்தான் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்காது. வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட்டை 'நன்' (தடையில்லை) என்று வைத்தால், ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு என்னும் செக்யூரும் கூடவே வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் 2020-இல் வந்த குரோம் 80-இலிருந்து 'லாக்ஸ்' (ஓரளவு கட்டுப்பாடு) என்று எடுத்துக்கொள்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் பைட்டைத் தாண்டினால் பிரவுசர் சத்தமில்லாமல் குக்கியைத் தூக்கி எறிந்துவிடும், சர்வருக்குத் தகவல்கூட வராது. பெரிய பொருளைக் குக்கிக்குள் திணிப்பதைவிட ஒரு ஐடியை மட்டும் வைத்துவிட்டு மீதியை சர்வரிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மதிப்பெண்? நாமே குக்கி வைத்துப் படிக்கிற எக்ஸ்பிரஸ் ஆப்பென்றால் ஐந்துக்கு நாலு, அந்த ஜேசன் விஷயத்துக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் யூசரின் தகவலை சர்வரில் நினைவில் வைக்கும் எக்ஸ்பிரஸ்-செஷன் பேக்கேஜ் மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இது தேவையே இல்லை. அது 1.5.0 பதிப்பிலிருந்து குக்கியைத் தானே படித்துக்கொள்கிறது, இரண்டையும் சேர்த்து வைத்து இரண்டுக்கும் வேறு வேறு சீக்ரெட் கொடுத்தால் சிக்கல்தான் வரும். இதை எழுத உட்காரும் முன் என் பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் ரெக்.குக்கீஸ் என்று தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட இல்லை. அந்த வரியை நீக்கி, பேக்கேஜையும் அன்இன்ஸ்டால் செய்தேன், எதுவும் உடையவில்லை.