யெஸ் மினிஸ்டர் டிவிடி பெட்டி: தெருவுக்கு வராதீர்கள், ஹேக்கர்

பிபிசியின் பழைய அரசியல் நகைச்சுவைத் தொடர்களான 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' இரண்டும் சேர்ந்த முழு டிவிடி பெட்டி விலை குறைந்து கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் முடித்திருக்க வேண்டிய பதில். ஆனால் போன வாரம்தான், இந்தப் பெட்டிக்காகவே வைத்திருக்கும் பிளேயருக்கு லென்ஸ் மாற்றி எடுத்து வந்தேன். அந்தத் தொகைக்குப் புது பிளேயரே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே வருவதில் எவ்வளவு விமர்சனம், எவ்வளவு அந்த எரிச்சல் என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடரைப் பற்றி அறிமுகம் செய்யப் போவதில்லை. அமைச்சர் ஜிம் ஹேக்கர், செயலாளர் சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி, இருவருக்கும் நடுவில் நசுங்கும் தனிச் செயலாளர் பெர்னார்ட் வூலி. இவர்கள் யாரென்று தெரியாதவர் இந்தப் பெட்டியை விலை விசாரிக்க மாட்டார். 1980 பிப்ரவரியில் தொடங்கி 1988 வரை, நடுவில் வந்த ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியையும் சேர்த்து மொத்தம் 38 பகுதிகள். எட்டு ஆண்டுகளுக்கு அவ்வளவுதான். நம் தொலைக்காட்சியில் ஒரு மாமியார் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்வதற்கே இதற்குப் பக்கத்தில் ஆகிவிடும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடைய பெட்டி, மகள் லண்டனில் படித்தபோது வாங்கி வந்தது. டிவிடிகளை எந்தப் பகுதியில் விற்கிறார்களோ அந்தப் பகுதியின் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியிருப்பார்கள்; அதற்குப் பெயர் ரீஜன். அங்கே விற்கும் டிவிடிகள் ரீஜன் 2. இந்தியா ரீஜன் 5. இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால், உள்ளே இருப்பது என்ன என்றுகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கணினியில் போட்டால் ரீஜனை மாற்றட்டுமா என்று கேட்கும். ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக எதில் நிறுத்தினோமோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். ஒரு பழுது பார்க்கும் கடைக்காரர்தான் ரிமோட்டில் வரிசையாக ஏதோ எண்களை அழுத்தி எல்லா ரீஜனுக்கும் திறந்துவிட்டார். ஆகவே, வெளிநாட்டு இருப்பை மலிவாகத் தள்ளுகிறார்களா என்று அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இனி என் குறைக்கு வருகிறேன். ஒரே ஒரு குறைதான். ஆனால் பல வருடங்களாக அது என்னை விடவில்லை.

ஹேக்கர் தன் அறையில் உட்கார்ந்திருப்பார். படம் பளிச்சென்று இருக்கும். கோட்டு நூல் தெரியும், அசைவுகள் வழுவழுவென்று இருக்கும். பேச்சு முடிந்து கிளம்புவார். அடுத்த காட்சியில் தெருவில் கார் வந்து நிற்கும். அந்த நொடியில் படமே வேறாகிவிடும். நிறம் சோர்ந்துவிடும், திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ நெளியும், ஆட்கள் சற்றே தட்டித்தட்டி நடப்பார்கள். மறுபடி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் பளிச்! சாதத்தில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும் எனக்கு.

காரணம் எளிது. அந்தக் காலத்து பிபிசி நகைச்சுவைத் தொடர்களில் அறைக் காட்சிகளை ஸ்டூடியோவில், பார்வையாளர்களை உட்கார வைத்துக்கொண்டு, பல கேமராக்களால் வீடியோ நாடாவில் பதிவு செய்தார்கள். வெளிப்புறக் காட்சிகளை முன்கூட்டியே 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து வைத்துவிடுவார்கள். பதிவு நடக்கும் இரவில் அந்தத் துண்டுகளை ஸ்டூடியோவிலுள்ள திரைகளில் போட்டுக் காட்டிச் சிரிப்பையும் பிடித்துக்கொள்வார்கள். பிரிட்டிஷ் வீடியோ நொடிக்கு 50 அரைப்படங்களாக ஓடும்; ஃபிலிம் நொடிக்கு 25 படம். வழுவழுப்பும் தட்டலும் அங்கிருந்து வருகிறவை.

இது 'யெஸ் மினிஸ்டர்' மட்டும் செய்த பாவம் அல்ல. பிபிசியின் இன்னொரு நகைச்சுவைத் தொடரான 'ஃபால்ட்டி டவர்ஸ்'-இல் நின்றுபோன காரை விடுதிக்காரர் பேசில் மரக்கிளையால் வெளுத்து வாங்கும் காட்சியைப் பாருங்கள். விடுதிக்குள் ஒரு உலகம், சாலையில் வேறொரு உலகம். பிரிட்டிஷ்காரர்களுக்கே இது தெரியாமல் இல்லை. மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் 1970-லேயே இதை வைத்து ஒரு கேலி செய்தார்கள்: கூட்டம் நடக்கும் அறையிலிருந்து ஒருவர் வெளியே எட்டிப் பார்ப்பார், தாங்கள் ஃபிலிமில் இருப்பதைக் கண்டு அலறுவார், எந்தக் கதவைத் திறந்தாலும் ஃபிலிம்தான். என் குறையை எனக்கு முன்பே எடுத்துச் சிரித்துவிட்டார்கள் என்பதும் ஒரு எரிச்சல்.

பழைய குழல் தொலைக்காட்சியில் இது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. பெரிய தட்டைத் திரை வந்த பிறகுதான் இந்த வியாதி. போதாததற்கு, படம் நான்குக்கு மூன்று என்ற சதுரம். இரு பக்கமும் கருப்புப் பட்டை விழும். அது வீணாகப் போகிறதே என்று வீட்டில் யாராவது திரை முழுவதும் இழுத்து வைத்துவிடுவார்கள். அன்றைக்கு சர் ஹம்ப்ரிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கும்.

புதிதாகச் சரிசெய்து வெளியிட்டால் தீருமா? தீராது. ஃபிலிம் துண்டுகள் கிடைத்தால் அவற்றை மறுபடி நல்ல தரத்தில் பிரதி எடுக்கலாம். வீடியோ நாடாவில் பதிவானது 625 வரிதான். அதற்கு மேல் அதற்குள் எதுவும் இல்லை. வெளியே இருப்பதை மெருகேற்றினால் உள்ளே இருப்பது மங்கும். ஹம்ப்ரியிடம் கொடுத்திருந்தால் இதற்கு ஒரு குழு அமைத்திருப்பார்.

இப்போது நியாயத்துக்குக் கட்டுப்பட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதன் மேல் எனக்கு இவ்வளவு கோபமோ, அதே ஏற்பாடுதான் இந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத இன்பத்துக்கும் காரணம்.

முதல் முறை பார்ப்பவர்கள் எல்லோரும் ஹம்ப்ரியைத்தான் பார்ப்பார்கள். நைஜல் ஹாதோர்ன் மூச்சு விடாமல் பேசும் அந்த நீண்ட வாக்கியங்கள், கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் முடியும் அழகு. நானும் அப்படித்தான் பார்த்தேன். பல சுற்று போன பிறகு கண் தானாக எதிர்ப்பக்கம் நகர்ந்தது. ஹம்ப்ரி பேசும்போது, ஹேக்கராக நடிக்கும் பால் எடிங்டனின் முகத்தைப் பாருங்கள். முதலில் புரிந்ததுபோல் ஒரு தலையசைப்பு. பிறகு புரியவில்லை என்பது புரியும். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற முடிவு. கடைசியில், தான் ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்தும் எந்த இடத்தில் என்று தெரியாத திகைப்பு. ஒரு சொல்கூடப் பேசாமல் இவ்வளவும் நடக்கும். ஸ்டூடியோவில் எதிரே உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் சிரித்து முடிக்கும்வரை அவர் அந்த முகத்தை இறக்கி வைக்க முடியாது. சிரிப்பு நீண்டால் முகமும் அதற்குள்ளேயே இன்னும் ஒரு படி நகரும்.

பின்னணிச் சிரிப்பு பிடிக்கவில்லை என்று இளைய தலைமுறையினர் குறைப்படுகிறார்கள். டப்பாவில் அடைத்த சிரிப்பு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அந்த இரவில் அங்கே வந்து உட்கார்ந்த ஆட்களின் சிரிப்பு அது. அதை எடுத்துவிட்டால் எடிங்டன் பாதி காணாமல் போய்விடுவார். தெருக் காட்சிகளில் இதுதான் நடக்கிறது. அங்கே எதிரே ஆள் இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. வசனம் வருகிறது, போகிறது. படம் மாறுவது மட்டுமல்ல என் குறை, நடிப்பின் மூச்சும் மாறிவிடுகிறது.

எழுதிய இருவருக்கும், ஆன்டனி ஜே, ஜொனாதன் லின், அறையின் அருமை தெரிந்திருக்கிறது. நாடாளுமன்ற அவையில் இவர்கள் காட்சி வைக்கவில்லை. ஆட்சி நடப்பது அங்கே அல்ல, மூடிய கதவுகளுக்குப் பின்னால்தான் என்பது லின் சொன்ன விளக்கம். ஹேக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவில்லை. முதல் பகுதியில் அவர் சட்டையில் குத்தியிருப்பது வெள்ளை ரோசெட் (வேட்பாளர்கள் குத்திக்கொள்ளும் ரிப்பன் பூ), எந்தப் பெரிய கட்சியின் நிறமும் அல்ல. 1979 தேர்தலைப் பாதித்துவிடும் என்று பயந்து முதல் பகுதியை பிபிசி தேர்தல் முடியும்வரை கிடப்பில் வைத்திருந்தது. அப்படிப் பயந்த நிகழ்ச்சி, அந்தத் தேர்தலில் வென்ற மார்கரெட் தாட்சருக்கே பிடித்துப்போய், 1984 ஜனவரியில் அவர் எடிங்டன், ஹாதோர்ன் இருவரோடும் மேடையில் ஒரு குட்டிக் காட்சியில் நடிக்கவும் செய்தார். நகைச்சுவைத் தொடர் உலகில் தமக்குரிய இடத்தைப் பிரதமர் ஒருவழியாகப் பிடித்துவிட்டதற்கு நன்றி என்று லின் அதே மேடையில் சொன்னதாக வரலாறு. பெட்டியிலுள்ள பல நகைச்சுவைகளைவிட இது எனக்குப் பிடிக்கும்.

நான் பணிக்காலம் முழுவதையும் ஓர் அரசுத் துறையில் கோப்புகளோடு கழித்தவன். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். நோயாளியே இல்லாத மருத்துவமனை பற்றிய 1981-ஆம் ஆண்டுப் பகுதியைப் பாருங்கள். கட்டடம் தயார், நிர்வாக ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் மும்முரமாக வேலை செய்கிறார்கள், சுத்தத்துக்கு விருது கிடைக்கும் நிலை. நோயாளிகள் வந்தால்தான் சிக்கல். சிரிப்பதற்காக எழுதியது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்த அலுவலகம் ஒன்றில் கணினிகள் உறை கிழிக்கப்படாமல், தூசி தட்டப்பட்டு, ஆண்டு தவறாமல் இருப்புச் சரிபார்க்கப்பட்டு, பத்திரமாக இருந்தன. பதிவேடு அவ்வளவு சுத்தம்.

1986-இல் வந்த ஒரு பகுதியில், ஒரே விஷயத்துக்கு மக்களை ஆதரவாகவும் எதிராகவும் சொல்ல வைப்பது எப்படி என்று கேள்விகளை அடுக்கிக் காட்டுவார் ஹம்ப்ரி. கட்டாய ராணுவச் சேவை பற்றிய கருத்துக்கணிப்பு. பெர்னார்ட் இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திகைத்து நிற்பார். கருத்துக்கணிப்பு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அந்தக் காட்சியைத்தான் போட்டுப் பார்க்கிறேன். அதில் தெரு இல்லை, கார் இல்லை. ஓர் அறை, இரண்டு பேர்.

இதையே புதிதாக எடுத்தவர்களும் உண்டு. நம் நாட்டில் 2001-இல் ஃபாரூக் ஷேக்கை அமைச்சராக வைத்து 'ஜி மந்த்ரிஜி' என்று ஸ்டார் பிளஸில் வந்தது. நல்ல நடிகர், ஆனால் நம்மூர் அமைச்சர் அவ்வளவு ஏமாளியாக இருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரிட்டனில் அதே எழுத்தாளர்களே 2013-இல் புதிய நடிகர்களோடு கோல்ட் அலைவரிசைக்காக எடுத்தார்கள். ஆறு பகுதிகளோடு சரி. மொபைல் போனெல்லாம் வந்துவிட்டது, படம் உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி இருந்திருக்கும், என் குறை தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்ததா என்றால், அதை இரண்டாவது முறை பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆக நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது பெரிய திரை. நான் மேலே சொன்னதைப் படித்துவிட்டீர்கள், இனிமேல் ஒவ்வொரு கதவிலும் உங்களுக்கும் கல் கடிபடும். பிளேயர் வாங்க வேண்டும், லென்ஸ் போகும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கடைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. இணையத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கக் கிடைத்தால் அதில் பாருங்கள். சின்ன மடிக்கணினித் திரையில் இந்தக் குறை பாதியாகக் குறையும். என்னுடைய பெட்டியைக் கேட்காதீர்கள். மூன்றாவது வட்டில் ஏற்கெனவே ஒரு கீறல், அது யார் வீட்டில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

மீறி வாங்கினால், 1984 கிறிஸ்துமஸ் பகுதியைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம். ஹேக்கர் பிரதமராவது அதில்தான். செய்தி வந்ததும் கையைக் கோட்டுக்குள் செருகி நெப்போலியனாக நிற்பார் எடிங்டன். இந்த வேடத்துக்காக நான்கு முறை அவர் பெயர் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவின் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. நான்கு முறையும் விருது பக்கத்தில் நின்ற ஹாதோர்னுக்குப் போனது. ஹாதோர்ன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் இல்லாமல் தொடரே இல்லை. ஆனாலும் நான்கில் ஒன்றையாவது இவருக்குக் கொடுத்திருக்கலாம். அந்தத் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் ஹம்ப்ரி பேசும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?