வடசேரி மாடியறையில் ஒரு சொல் வகுப்பு

நாகர்கோவில் வடசேரியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பில் மகளைச் சேர்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து நானும் கடைசி பெஞ்சில் இடம்பிடித்துவிட்டேன். அன்று அவர் எடுத்தது 'நைஸ்' என்ற ஒரே சொல். லத்தீனில் 'அறியாத' என்று பொருள்தந்த சொல்லாம் அதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மூடத்தனமான' என்று பொருள். பின்பு 'கூச்சமுள்ள', 'நுணுக்கமான' என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' ஆனது. 'சில்லி' (silly) எதிர்த்திசையில் நடந்திருக்கிறது: பேறுபெற்றவர், அப்பாவி, இரங்கத்தக்கவர், கடைசியில் அசடு! உடனே அவர் நம் 'நாற்றம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். மணமாக இருந்தது எப்படி முடைநாற்றமானது என்று கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனப்பாடப் பட்டியல்களிலேயே படித்து வளர்ந்த எனக்கு அந்த நிமிடம் கண் கலங்கியது.

குறை உண்டு. அறையில் ஒரே மின்விசிறி, புழுக்கம் தாங்கவில்லை. அச்சிட்ட குறிப்புகளும் தருவதில்லை. எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த வகுப்புக்காக மார்த்தாண்டம் போன்ற வெளியூரிலிருந்துகூட பஸ் பிடித்து வரலாம். அடுத்த வாரம் 'நாட்டி' (naughty) என்கிறார். 'ஒன்றுமில்லாத' என்பதிலிருந்து 'குறும்பான' வரை வந்த சொல்லாம். நான் புது நோட்டு வாங்கிவிட்டேன்.