புத்தகமா, மேஸ்திரியா, வேலைப் பட்டியலா? பட்டறைப் பயிற்சிக்கு எது சரி?

மதுரை கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருவனிடம் வெர்னியர் என்ற அளக்கும் கருவியின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்று கேட்டேன். "0.02 மில்லிமீட்டர் சார்" என்று பட்டென்று சொன்னான். சொன்ன கையோடு, உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினிலிருந்து எடுத்த சூடான பீஸை, ஒட்டியிருந்த உலோகப் பிசிறைக்கூடத் துடைக்காமல் அப்படியே அளந்தான். அளவு தப்பு. குறை பையனிடம் இல்லை, நாங்கள் போட்ட பாடத்திட்டத்தில்தான்.

அதைப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்துப் போட்டிருந்தோம். இந்த வழியில் திட்டம் ஒரே நாளில் தயாராகிவிடும், பரீட்சை வைப்பதும் சுலபம். ஆனால் அளப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்பது தனிப் பாடமாக எங்கேயும் வருவதில்லை.

இதற்கு நேர் எதிர், மேஸ்திரி பக்கத்தில் நின்று பழகுவது. மெஷினில் வெட்டும் டூல் மழுங்கினால் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் காதுக்குப் பழக்க அவரை விட்டால் ஆளில்லை. 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்ததும் வேலையிடத்தில் கற்பதற்கு மதிப்பு இருப்பதால்தான். ஆனால் அந்த மாதம் என்ன ஆர்டர் வந்ததோ அதைத்தான் பையன் கற்பான். மேஸ்திரி லீவு போட்டால் பயிற்சியும் லீவு.

நான் நம்புவது மூன்றாவது வழியை. 1960-களில் கனடாவில் உருவான 'டாகம்' முறை அது. வேலையில் கை தேர்ந்தவர்களை இரண்டு நாள் உட்கார வைத்து, என்னென்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பாடத்திட்டம் அந்தச் சுவரிலிருந்து பிறக்கும். சிறு பட்டறையில் ஐந்து ஆபரேட்டர்களை இரண்டு நாள் சும்மா உட்கார வைக்க முடியுமா? நாங்கள் நான்கு சனிக்கிழமை சாயங்காலமாகப் பிரித்துக்கொண்டோம். ஓர் அண்ணன் எழுதிய அட்டை: 'ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் எந்த மெஷின் மக்கர் பண்ணுது என்று சொல்வது.' எந்தச் சிலபஸிலும் நான் பார்க்காத பாடம்.

மதுரையில் இதற்குப் பெரிய முன்மாதிரியே இருக்கிறது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறது. கண்ணாடிப் பவர் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது என்று ஆளுக்கொரு வேலையில் தேர்ச்சி பெற வைக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. பட்டியலில் இருப்பது இன்றைய வேலை மட்டும். லேத்திலிருந்து கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினுக்கு மாறினால், படிகளை மட்டும் பழகியவன் திணறிப்போவான். டூல் நகரும் எக்ஸ், இசட் அச்சுகளும் கொஞ்சம் திரிகோணமிதியும் தெரிந்தவன் சமாளிப்பான். அதனால் வேலைப் பட்டியலை முதுகெலும்பாக வைத்து, 'ஏன்' என்று கேள்வி வரும் இடத்தில் புத்தகத்தைத் திறக்கிறோம். சத்தத்துக்கு மேஸ்திரிதான்.

பரீட்சையையும் மாற்றிவிட்டோம். பிசிறோடு ஒரு பீஸைக் கையில் கொடுத்து, "அளந்து சொல்லுப்பா" என்கிறோம். வேறு எதுவும் சொல்வதில்லை. அவன் கை முதலில் வெர்னியருக்குப் போகிறதா, துணிக்குப் போகிறதா என்று பார்க்கிறோம்.