எவோவுக்குப் பூட்டிய பொடி கிற், சில மாரிகள் கழித்து

காரின் தோற்றத்தை மாற்ற வெளியே பூட்டும் பாகங்கள்தான் பொடி கிற். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டு வாசலை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எத்தனையோ வீடுகளுக்கு முன்னால் வெள்ளவாய்க்கால், அதற்கு மேலே கொங்கிறீற் தட்டு. அதில் ஏறும்போது ரயர் தொட முன்னமே முன் லிப், அதாவது முன் பஃபருக்குக் கீழே பூட்டும் உதடு போன்ற துண்டு, போய் இடிக்கும். என்னிடம் இருப்பது மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் எக்ஸ், சுருக்கமாக எவோ எக்ஸ். காசு கட்ட முன் தடித்த மட்டையை லிப்பின் அளவுக்கு வெட்டி, பஃபருக்குக் கீழே ரேப்பால் ஒட்டி, வழமையாகப் போய்வரும் இடமெல்லாம் மெதுவாக ஓடிப் பார்த்தேன். மட்டை எந்த மட்டத்தில் மடிந்ததோ, அதற்கு மேலே நிற்கிற லிப்தான் எனக்குரியது. ஆழமான லிப் எல்லாம் அந்த இடத்திலேயே கழிந்துவிட்டன.

மட்காட்டை வெட்டிப் பூட்டும் அகலமான கிற் பக்கம் நான் போகவேயில்லை. எவோ எக்ஸ் 2007இல் வந்தது, 2016இல் உற்பத்தி நின்றுவிட்டது. இனி ஒரு நல்ல ஒறிஜினல் மட்காட் கிடைப்பது லேசான காரியம் இல்லை. திரும்பக் கழற்றி எடுக்க முடியாத எந்த வேலையும் இந்தக் காருக்குச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே முன் லிப், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்க ஸ்கேர்ட், பின் பஃபருக்குக் கீழே டிஃப்யூசர், அவ்வளவுதான்.

முன் பஃபரையே மாற்ற விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், எவோவில் முன் பஃபருக்கு நேர் பின்னால் நிற்கிறது. சில பஃபர்களில் வலை அழகாக இருக்கும், ஆனால் கையை விட்டுப் பார்த்தால் பின்னால் பாதி அடைப்பு. சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் வவுனியாப் பக்கம் போகும்போது இன்டர்கூலருக்குப் போதிய காற்று போகாவிட்டால் எஞ்சின் இழுவையைக் குறைத்துவிடும். காற்று போகிற வழி ஒறிஜினலை விடக் குறையாத பஃபராகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது பொருள். ஃபைபர், அதாவது கண்ணாடி இழை, விலை குறைவு, உடைந்தால் ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து உள்ளூரிலேயே ஒட்டலாம். ஆனால் ஓர் இடி பட்டால் வெடிக்கும். பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் வளையும், இடித்தாலும் திரும்பி வரும். ஆனால் அதற்கென்று உள்ள பிரைமர் அடிக்காவிட்டால் பெயின்ற் தோல் தோலாக உரியும். நான் லிப்பைப் பொலிப்புரொப்பிலீனிலும், அடிபடாத பின் டிஃப்யூசரை ஃபைபரிலும் எடுத்தேன். கார்பன் ஃபைபருக்கு ஆசை இருந்தால், வெயில் தாங்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு அடித்ததா என்று கேட்டு எடுங்கள், இல்லாவிட்டால் இந்த வெயிலில் மஞ்சளாகிவிடும்.

கராச்சில் வேலை தொடங்கும்போது பொடியன், “அண்ணை, முதல் பெயின்ற் அடிச்சுப்போட்டுப் பூட்டுவம்” என்றான். வயதான பாஸ் விடவில்லை. “இல்லைத் தம்பி, முதல் பூட்டிப் பார்ப்பம்.” அவர் சொன்னதுதான் சரி. ஃபைபர் டிஃப்யூசரின் ஒரு ஓரம் பஃபரோடு ஒட்டாமல் விரல் போகிற அளவுக்கு விலகி நின்றது. ஓரத்தைத் தேய்த்து, உள்ளே ஃபைபர் வைத்து ஏற்றி, திரும்பத் திரும்பப் பூட்டிக் கழற்றி, கோடு ஒரே சீராக வந்த பிறகுதான் பிரைமருக்குப் போனது. பெயின்ற் அடித்த பிறகு இதைச் செய்திருந்தால் அத்தனையும் பாழ்.

அப்புறம் உப்புக்காற்று. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் அடிக்கடி போய்வருகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். எவோ எக்ஸின் போனட், முன் மட்காட், கூரை எல்லாம் அலுமினியம். கறள் பிடிக்காது என்று நினைத்து ஸ்ரெயின்லெஸ் ஸ்க்ரூவை அலுமினியத்தில் நேராக முறுக்கினால், உப்பு ஈரம் சேரும்போது ஸ்க்ரூ நன்றாக இருக்கும், அதைச் சுற்றி அலுமினியம்தான் வெள்ளைத் தூளாக அரித்துப் போகும். மட்காட் பக்கம் எல்லாவற்றுக்கும் பிளாஸ்ரிக் கிளிப்தான் போட்டிருக்கிறேன். இன்றுவரை ஓர் அரிப்பும் இல்லை.

பக்க ஸ்கேர்ட் பூட்டும்போது பிளாஸ்ரிக் வெயிலில் நீளும் என்பதை மறக்கக்கூடாது. அந்த நீளத்துக்குச் சில மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் மத்தியானம் நடுவில் வில் போல வளையும். நடுவை மட்டும் இறுக்கி, முனைகளுக்கு நீளத் துளை போட்டால் அது தன்பாட்டில் நகர்ந்துகொள்ளும். டபுள் ரேப்பை மட்டும் நம்பி ஒட்டிய ஸ்கேர்ட்டுகள் வெயிலில் இளகித் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். அடியில் தண்ணீர் வடியத் துளையும் வேண்டும். மாரியில் செம்மண் சேறு உள்ளே போய்ச் சேர்ந்தால் கதவுக்குக் கீழே ஓடும் காரின் இரும்புச் சட்டம் (சில்) உள்ளுக்குள்ளேயே கறள் பிடிக்கும். கார்த்திகை, மார்கழி முடிந்ததும் ஸ்கேர்ட்டைக் கழற்றிக் கழுவுகிறேன். ஒவ்வொரு முறையும் கைநிறையச் செம்மண் வருகிறது.

ஓட்டத்தில் மாற்றம் உண்டா என்று கேட்கிறார்கள். எங்கள் வீதிகளில் ஓடும் வேகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது அழகுக்காகச் செய்வது, அந்த அழகு எனக்கு இன்றும் சலிக்கவில்லை. காப்புறுதிக்காரருக்கு மட்டும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். பூட்டிய சாமான்களின் பற்றுச்சீட்டையும் கழற்றிய ஒறிஜினல் பாகங்களையும் பத்திரமாக வைத்திருங்கள், காரை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.